தாய்வீட்டு அரிசி

வண்டியை இங்கயே நிறுத்திக்கறேனுங்க தம்பி. முள்ளுக்கு இந்தப் பக்கந்தானே நிக்கோணும், நிக்கறேன். நீங்க அந்தத் தடியைக் கீழ வெச்சுட்டு எட்டவே உக்காருங்க, நானும் எட்டவே உக்காந்துக்கறேன். ஊருக்குள்ள போற பாதையை முள்ளுப் போட்டு அடைச்சதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். பிளேக்குச் சீக்கு ஊரூரா அள்ளிட்டுப் போற காலத்துல இத்தனை சூதானமா ஒரு ஊரு இருக்குதேன்னு பாக்கறப்ப மனசு குளுந்து போச்சு. எம் பொண்ணைக் கட்டிக் குடுத்தது சரியான ஊருக்குத்தான்.

ஆமாங்க, உங்க ஊருக்குத்தான் குடுத்திருக்குது. கீழ வளவு பழனியப்பன் பொண்டாட்டி அருக்காணி எம் பொண்ணுங்க. நிறைமாசக்காரி. தெரியுமா? தெரியாம இருக்குமா. நான் மண்டி அர்த்தநாரி. சந்தைப்பேட்டையில அரிசி மண்டின்னு கேட்டா எம் பேரைத்தான் சொல்லுவாங்க. உங்க பேரு? மாரப்பனா. நல்ல பேரு.

அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு, நோம்பி முடியற வரைக்கும் வெளியாளு உள்ள வரக்கூடாதுங்கறீங்க. சரிதான். நானாயிருந்தாலும் கண்டவனையும் உள்ள விடமாட்டேன். இப்பச் சீக்குப் பரவுறதே எதனாலங்கறீங்க? கண்டவன் கண்ட ஊருக்கு ஓடறதாலதான். ஒரு ஊர்ல எலி விழுந்தா அந்த ஊருக்காரன் அங்கயே கெடக்கவேண்டியதுதானே? மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு அடுத்த ஊருக்கு ஓடறான். மட்டு மருவாதை இல்லாத ஜனம். அப்ப நீங்க எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறாப்பல பாக்கறீங்களே? நான் ஓடி வரலீங்க. பொண்ணைப் பாக்க வந்திருக்கறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது.

எங்க ஊர்ல எலி விழுந்துச்சான்னு கேட்டீங்க. கேக்கவேண்டியதுதான். விழுந்துச்சுங்க. மறைக்கமாட்டேன். கார்த்திகை கடைசியில மண்டிக்குள்ளயே விழுந்துச்சு. எலி விழுறதைப் பாத்திருக்கறீங்களா? இல்லையா? புண்ணியம் பண்ணினவருங்க நீங்க. மூட்டைச் சந்துல இருந்து குடிச்சவனாட்டம் தள்ளாடிட்டு வரும். மனுசன் நிக்கறானேங்கற பயமே இருக்காது. நட்ட நடுவுல வந்து நின்னு, அப்படியே சாஞ்சு, காலை ஒதறிட்டுச் செத்துப் போகும். அதுக்கப்பறம் அந்த வீட்டுல இருக்கறவனுக்குக் காய்ச்சலு வரும். அக்குள்லயோ தொடையிடுக்குலயோ நெறி கட்டும். நெறி கட்டிருச்சுன்னா ஆளு முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க. அதனாலதான் எலி விழுந்தா வீட்டைப் பூட்டிட்டுக் காட்டுக்குப் போயிரோணுங்கறது.

மத்தவனெல்லாம் இன்னொரு எலி விழட்டும்னு பாத்துட்டு உக்காந்திருந்தான். நான் உக்காரல. மண்டிக்காரன் மூக்குங்க இது. மொத எலி விழுந்த அன்னிக்கே வண்டியைப் பூட்டிட்டேன். சுகாதார இன்ஸ்பெக்டரு வந்து மண்டிக்குச் சீல் வைக்கறதுக்குள்ள, இருந்ததுல இந்த மூட்டைகளை மட்டும் ஏத்திக்கிட்டு, எம் பொண்டாட்டியை மேல உக்கார வெச்சுக் கிளம்பிட்டேன்.

மூட்டையில என்னன்னு கேட்டீங்களே, அரிசிதாங்க. கிச்சிலிச் சம்பா. ஆனா யாவாரத்து அரிசி இல்ல. தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதான் பாக்கோணும், பெத்தவளுக்குப் பத்தியச் சோறு பொறந்த வீட்டு அரிசியிலதான் ஆக்கிப் போடோணும்னு நம்ம பக்கத்துல ஒரு முறை இருக்குதில்லீங்க? உங்களுக்கும் அதேதானே? ம். அருக்காணிக்குக் கல்யாணம் முடிஞ்ச மாசமே எங்கூட்டுக்காரி நல்லம்மா இந்த அரிசியைத் தனியா மூட்டை கட்டி மண்டியோட மூலையில அடுக்கிட்டா. புது அரிசி ஆகாது, பழசானாத்தான் பெத்த வயித்துக்கு ஒத்துக்கும்னு சொல்லி ஒரு வருசத்துக்கு மேல கட்டிக் காத்தாளுங்க. அதுல ஒரு படி நான் எடுத்து வித்திருந்தேன்னா என்னை மண்டிக்குள்ளயே வெட்டிப் போட்டிருப்பா.

எனக்கும் வெளிச்சோறு ஆகாது. எந்த வீட்டுலயும் கை நனைக்கமாட்டேன். இதுலருந்து அள்ளி நானே பொங்கித் திங்கறதுதான். சீக்குக் காலத்துல மனுசன் சுத்தமா இருக்கோணும். நான் இத்தனை ஊரு சுத்தி உசுரோட உங்க முன்னால உக்காந்திருக்கறேன்னா, அந்தச் சுத்தந்தான் காரணம்.

மொதல்ல எந்தம்பி சென்னியப்பன் தோட்டத்துல கட்டியிருந்த சாளை வீட்டுக்குப் போனோம். தம்பின்னா தம்பிங்க. எங்கப்பன் செத்தப்பறம் நாந்தான் தூக்கி வளத்தேன். வண்டியைப் பாத்ததும் ஓடி வந்து மூட்டையெல்லாம் அவனே தோள்ல சொமந்து அட்டாலிப் பரண்ல அடுக்கினான். நாங்க அங்கதான் மார்கழியைக் கழிச்சோம். நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு அவன் சாளையிலயும் எலி விழுந்துருச்சு.

எப்படி விழுந்துச்சுன்னு சொல்றீங்க? சுத்தியும் காடு, பக்கத்துல ஒரு வீடு இல்ல. எங்கிருந்து வந்துச்சுங்கறேன்? நான் யோசிச்சுப் பாத்தேன். அரிசி வாசத்துக்குக் காட்டு எலி வந்திருக்குது. ஏன்னா அது செத்து விழுந்தது சரியா நம்ம மூட்டை அடுக்கின அட்டாலிக்குக் கீழ. அந்த ஊரு எலிக்குச் சீக்கு இருந்திருக்குது, நம்ம அரிசியைத் திங்க வந்த எடத்துல செத்துப் போச்சு. நல்லவேளை, அரிசிக்கு ஒண்ணும் ஆகல.

அன்னிக்கு மத்தியானமே வண்டியைப் பூட்டினேன். வாடா போகலாம்னு தம்பியைக் கூப்பிட்டேன். ராகி பால் புடிக்கற சமயம், வெள்ளாமையை விட்டுட்டு எப்படீண்ணா வர்றதுன்னான். கேக்கல. அடுத்த வாரமே புருசனும் பொண்டாட்டியும் ஒருத்தர் பின்னால ஒருத்தராப் போயிட்டாங்க. தூக்கறதுக்கு ஆளு வரலையாம். நான் வளத்த புள்ளைங்க அவன். ஆனா உள்ளதைச் சொல்லோணுமில்ல, அவனுக்கு வாரச் சந்தையில கள்ளுக்கடைக்குப் போற பழக்கம் உண்டு. அங்க ஒட்டிக்கிட்டு வந்திருப்பான். வேற எப்படி வரும்?

எனக்கா? எனக்கு ஒண்ணும் வரலீங்க. தம்பி சாளையில இருக்கறப்ப ஒரு காய்ச்சலு அடிச்சுது, தொடையிடுக்குல எலுமிச்சங்காயாட்டம் ஒரு கட்டி வந்துச்சு. வண்டியில உக்காந்த சூடு. சூட்டுக் கட்டி. வெளக்கெண்ணெய் தடவினேன், ஒடஞ்சு போச்சு. எதுக்குப் பின்னால நவுர்றீங்க? சூட்டுக் கட்டிங்கறேன்.

அங்கிருந்து நல்லம்மாளோட அண்ணன் ஊருக்குப் போனோம். எம் மச்சான் காளியண்ணன். நல்ல மனுசன், ஆனா கொஞ்சம் முன்கோவி. அவரு ஊர்ல அப்ப ஒரு எலி விழல, ஒரு ஆளுக்குக் காய்ச்சலு இல்ல. அத்தனை சுத்தமான ஊரு. இங்கயே பிரசவத்தை வெச்சுக்கலாம், அருக்காணியைக் கூட்டிட்டு வந்துரலாம்னுதான் பேசிட்டிருந்தோம். மச்சான் தன் வீட்டுலயே நடு அறையை ஒழிச்சு மூட்டைக்கு எடம் குடுத்தாரு. நல்லம்மா அந்த மூட்டை மேலயே தலை வெச்சுப் படுத்துக்குவா. எலி கடிச்சுருமோன்னு காவலு. தெள்ளுப் பூச்சி கடிக்குதுடி, கீழ எறங்கிப் படுடின்னு சொன்னேன். கேக்கமாட்டா.

அங்கயும் வந்துருச்சுங்க. மொதல்ல எலி. பொறவு மச்சானோட பக்கத்து வீட்டுக்காரன். பொறவு எம் பொண்டாட்டி.

பக்கத்து வீட்டுக்காரி குடுத்த வெத்திலையை இவ வாங்கிப் போட்டிருக்கறா. அதுல வந்ததுதான். வெளியில ஒண்ணும் வாங்காதே, வாங்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். வெத்திலை நம்ம கையிருப்புல தீந்து போச்சு, என்ன பண்றதுங்கறா. அந்த ஒரு வெத்திலைக்கு உசுரைக் குடுத்துட்டா, பைத்தியக்காரி. கடைசியில காய்ச்சல்ல ஆளு அடையாளம் தெரியல, எங்கிட்டயே யாருங்கன்னு கேட்டா. ஆனா போறதுக்குக் கொஞ்சம் முந்தித் தெளிஞ்சு என் கையைப் புடிச்சுக்கிட்டா. "அரிசியைப் புள்ளைகிட்டக் கொண்டு போய்ச் சேத்துருங்க. எம் புள்ளை அடுத்தவூட்டு அரிசி திங்கக்கூடாது"ன்னா. அவ்வளவுதான் பேசினது. முப்பது வருசம் கூட இருந்தவ. நான் அழுதேனுங்க. இப்பவும் வண்டி ஓட்டறப்பத் திரும்பித் திரும்பிப் பாத்துக்குவேன், பின்னால உக்காந்திருக்கறாளோன்னு.

அருக்காணிக்கு இன்னும் தெரியாதுங்க. நேர்ல வந்துதான் சொல்லோணும்னு யாருகிட்டயும் சொல்லி அனுப்பல. வயித்துல புள்ளையை வெச்சுக்கிட்டு இருக்கறவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டுத்தான் வர்றேன். நீங்களும் சொல்லிராதீங்க.

அதைக் கூட நான் பொறுத்துக்கிட்டேன். மச்சான் சுடுகாட்டுல பேசின பேச்சைத்தான் என்னால பொறுக்க முடியல. நாலு பேரு நிக்கற எடத்துல, இன்னும் நெருப்புக் கூட அணையல, என்னைப் பாத்துச் சொல்றாரு. "மாப்புள்ள, இந்தச் சீக்கு உங்க வண்டியில ஏறித்தான் எங்க ஊருக்கு வந்துச்சு. எந் தங்கச்சியைக் கொன்னது நீங்கதான்."

எப்படி இருக்குது பாருங்க நாயம். நான் கேட்டேன், சீக்கு என் வண்டியில வந்திருந்தா அதே வண்டியில கூடவே வந்த என்னையில்ல மொதல்ல புடிச்சிருக்கோணும்? நான் கல்லாட்டம் நிக்கறேனே? எனக்கு ஏன் வரல? அதுக்குப் பதில் சொல்லுங்கன்னேன். மனுசன் மொறச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அன்னிக்கே மூட்டையை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். ஒரு கை தூக்கிவிடக்கூட ஒருத்தனும் வரல. இப்ப அவரும் இல்லைன்னு கேள்விப்பட்டேன். செத்தவங்களைப் பத்திப் பேசக்கூடாது, விடுங்க.

நான் போற எடமெல்லாம் சீக்கு எனக்குப் பின்னாலயே வருதுங்க. இதை நான் கவனிக்காம இல்ல. ஒவ்வொரு ஊர்லயும் நான் போறப்ப ஒண்ணும் இருக்கறதில்ல, நான் போன கொஞ்ச நாள்ல வந்து சேந்துருது. யாரோ கண்ணு வெச்சிருக்கறாங்க. மண்டி நல்லா நடக்குதுன்னு வயித்தெரிச்சல் புடிச்சவன் ஒண்ணா ரெண்டா? ஆனா ஒவ்வொரு தடவையும் அது என்னைப் புடிக்கறதுக்குள்ள நான் கிளம்பிடறேன். அதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும்.

இங்க வர்ற வழியில பாதிரிமாரு வைத்தியசாலை ஒண்ணு இருக்குதில்லீங்க, ஆத்துக்கு அக்கரையில? அங்க கொஞ்ச நாள் வண்டியை அவுத்துப் போட்டிருந்தேன். சீமையில இருந்து வந்த பாதிரி. நரைச்ச தாடி, செவந்த மூஞ்சி. நம்ம பாசை பேசறாரு, ஆனா பொஸ்தகத்துல இருக்கறாப்பலயே பேசறாரு. என்னைச் சகோதரனேன்னுதான் கூப்பிடுவாரு. சாயங்காலமானா என் வண்டிகிட்ட வந்து உக்காந்துக்குவாரு. அவரு சொன்ன கதையைக் கேளுங்க, உங்களுக்குப் பொழுது போகும்.

ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முன்னால இதே சீக்கு அவங்க சீமைப் பக்கம் போச்சாம். கெழக்க இருந்து சரக்கேத்திட்டுப் போன கப்பல்ல போயிருக்குது. துறைமுகத்துல கப்பலு நிக்குது, உள்ள பாதி ஆளு பொணமாக் கெடக்கறான். ஊருக்காரன் பாத்தான், கப்பலை அடிச்சுத் தொரத்திட்டான். சும்மா போவானா கப்பல்காரன்? அடுத்த துறைமுகத்துக்குப் போயிட்டான். அவன் தொரத்தினான், அதுக்கடுத்த ஊரு. இப்படியே கரையெல்லாம் சுத்தி, பொறவு கரையில இருந்து வண்டியேறி, பனி மூடின மலை நாடு வரைக்கும் போயிருச்சாம். மூணுல ஒரு பங்கு ஜனம் காலி. பொதைக்க ஆளில்லாம ஒரே குழியில அடுக்கு அடுக்காப் போட்டு மூடியிருக்கறாங்க. பெத்தவன் புள்ளையைத் தொடல, புள்ளை பெத்தவனைத் தொடல. சாமிக்குப் பூசை பண்றவன் கூட வர மாட்டேனுட்டானாம்.

நான் சொன்னேன், குளிக்காத ஜனம், சாகாம என்ன செய்யும்னு. பாதிரி சிரிச்சுக்கிட்டாரு.

அப்ப அவங்க என்ன பண்ணினாங்கன்னு கேட்டேன். வேற சாமி கும்பிடறவங்கதான் கெணத்துல வெசத்தைக் கலந்துட்டாங்கன்னு சொல்லி, வீடு வீடாப் புடிச்சு, உசுரோட கொளுத்தினாங்களாம். கொளுத்தின ஊர்லயும் சீக்கு நிக்கல. இன்னொரு கூட்டம், எல்லாம் நம்ம பாவந்தான்னு சொல்லிட்டு, சாட்டையில தன் முதுகைத் தானே அடிச்சுக்கிட்டு, ரத்தம் ஒழுக ஒழுக ஊரூரா ஊர்கோலம் போச்சாம். அது போன ஊருக்கெல்லாம் சீக்கும் கூடவே போச்சாம். பணக்காரனெல்லாம் மாவு மூட்டையும் மெத்தையும் ஏத்திக்கிட்டு, தோட்டத்து மாளிகைக்கு ஓடிட்டான். அங்க போய்க் கதவைச் சாத்திக்கிட்டுச் செத்தான். இதெல்லாம் கூட எனக்குப் பெருசாத் தெரியல. கடைசியில ஒண்ணு சொன்னாரு பாருங்க, எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. அத்தனை ஆளு செத்துட்டதால, மிச்சம் இருந்த பண்ணையாளெல்லாம் ரெட்டைக் கூலி குடுத்தாத்தான் வேலைக்கு வருவேனுட்டானாம். குடுத்தாங்களாம். என்ன காலக்கொடுமை பாருங்க.

பொறவு பாதிரி எந்திரிச்சு என் மூட்டையைச் சுத்தி வந்து பாத்தாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு. "சகோதரனே, ஓடினவர்கள் நோயை விட்டு ஓடவில்லை. தாங்கள் ஓடும்போது அதையும் தங்கள் மூட்டையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கு அது தெரியவில்லை."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்படிச் சொல்லுங்க சாமி, ஓடறவனை ஓட விடக்கூடாது, இதைத்தான் நானும் ஊரூராச் சொல்லிட்டு வர்றேன், எவன் கேக்கறான்னேன். அவரு என் மூஞ்சியையே பாத்தாரு.

அடுத்த நாளு காலையில வந்து, மூட்டையெல்லாம் அவுத்து அரிசியை வெயில்ல கொட்டிக் காய வைக்கோணும், சாக்கைக் கொதிக்கற தண்ணியில போடோணும், உள்ள எலி இருந்தா அடிச்சுக் கொளுத்தோணுங்கறாரு. நாலு ஆளை வேற கூட்டிட்டு வந்துட்டாரு. யாரு எவரு, என்ன ஏதுன்னு தெரியாத ஆளுக. அவங்க கை பட்ட அரிசியை எம் பொண்ணுக்குப் பத்தியம் வைக்கறதா? நல்லம்மா ஒரு வருசம் தண்ணி படாம, வெயில் படாம, அடுத்தவ கை படாமக் காத்த அரிசி. செய்யலாஞ் சாமி, ஜெபத்தை முடிச்சுட்டு வாங்கன்னேன். மணி அடிச்சுது. எல்லாரும் உள்ள போய் மண்டி போட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் வண்டியைப் பூட்டிட்டேன்.

நான் கிளம்பினது எத்தனை நல்லதாப் போச்சு தெரியுங்களா? அந்த வைத்தியசாலையிலயும் எலி விழுந்துருச்சாம். பாதிரிக்கே நெறி கட்டிருச்சுன்னு பாதையில ஒருத்தன் சொன்னான். பாவம். அத்தனை கதை தெரிஞ்சு என்ன பிரயோசனம், தன்னைக் காப்பாத்திக்கத் தெரியலையே.

அவ்வளவுதாங்க என் கதை. இப்பச் சொல்லுங்க, நான் வெளியாளா? அம்மா இல்லாத பொண்ணுக்கு நாந்தானே அம்மா, நாந்தானே அப்பன்? எனக்குன்னு இனி அவ ஒருத்திதான். அவ பெத்து எழுந்திரிக்கறதை என் கண்ணால பாத்துட்டா எனக்கு அது போதும். பொறவு சீக்கு என்னை எடுத்துக்கிட்டாலும் சரி. இந்த முள்ளைக் கொஞ்சம் ஒதுக்குங்க தம்பி, வண்டி நுழையற அளவுக்கு. மூட்டைக்கும் ஒரு கை குடுத்தீங்கன்னா புண்ணியம். இந்த எடத்துல தெள்ளு ஜாஸ்தியா இருக்குது, உக்காந்ததுல இருந்து கடிச்சுப் புடுங்குது. உங்க ஊர்ல எருக்குழியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க.

என்னங்க எந்திரிச்சுட்டீங்க? எங்க? வண்டிக்கடியிலயா?

அட, ஆமா. எலி. நல்ல கொழுத்த எலி. தள்ளாடுது பாருங்க. கிட்டப் போகாதீங்க தம்பி, வுடுங்க, அது பாட்டுக்குப் போகட்டும். முள்ளுப் பக்கமாப் போகுது. நுழைஞ்சுருச்சு. உங்க பக்கம் வந்துருச்சு, தள்ளிக்கோங்க. விழுந்துருச்சு. காலை ஒதறுது. அவ்வளவுதான், முடிஞ்சுது.

என் வண்டியில இருந்து எறங்குச்சுன்னா சொல்றீங்க? எறங்குனதைக் கண்ணால பாத்தீங்களா? சத்தியமாச் சொல்லுங்க. வண்டிக்கடியில பாத்தீங்க. வண்டிக்கடியில இருக்கறது உங்க ஊரு மண்ணு. என் வண்டி மேல இருக்கறதுக்குத்தான் நான் பொறுப்பு, கீழ ஓடறதுக்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்? அதை விடுங்க. செத்து விழுந்தது எங்க? முள்ளுக்கு அந்தப் பக்கம். எங்க ஊர்ல எலி விழுந்தப்ப, சந்தைப்பேட்டையில எலி விழுந்துருச்சுன்னுதான் சர்க்கார்ல இருந்து தமுக்கு அடிச்சாங்க. அந்த எலி எங்க பொறந்துச்சு, எந்த வழியா வந்துச்சுன்னா அடிச்சாங்க? விழுந்த எடந்தானுங்க கணக்கு. ஊரறிஞ்ச முறை அது. உங்க பெரியவங்களைப் போய்க் கேளுங்க, அவங்களும் அதைத்தான் சொல்லுவாங்க.

தலையில கை வெச்சுக்கிட்டீங்களே? எனக்கும் வருத்தமாத்தான் இருக்குது. உங்க ஊர்ல சீக்கு வந்துருச்சுங்க தம்பி. நோம்பி நடத்தற ஊருன்னு நம்பி வந்தேன். சித்த முந்தி முள்ளை எடுத்து என்னை உள்ள விட்டிருந்தீங்கன்னா என்ன ஆயிருக்கும்? நானா வந்து மாட்டிக்கிட்டிருப்பேன். அம்மன்தான் உங்க ரூபத்துல தடியோட நின்னு தடுத்திருக்கறா. பாருங்க, உடம்பெல்லாம் புல்லரிக்குது.

இனி ஒரு நிமிசம் நிக்கக்கூடாது. நீங்க ஓடிப் போய் ஊர்ல சொல்லுங்க. அப்படியே கீழ வளவுக்குப் போய் எம் பொண்ணை அனுப்பி வைக்கச் சொல்லுங்க. தலைப்பிரசவம் பொறந்த வீட்டுக்காரன் உரிமை, சம்பந்தி மறுக்கமாட்டாரு. எங்க கூட்டிட்டுப் போவேன்னு கேட்டா, நல்ல எடமாப் பாத்துக்கறேன்னு சொல்லுங்க. இத்தனை ஊர்ல தப்பிச்சவனுக்கு இன்னொரு ஊரா கெடைக்காது?

என்ன? மூட்டையை எறக்கி வெச்சுட்டுப் பொண்ணை மட்டும் ஏத்திக்கறதா? நீங்களும் அந்தப் பாதிரியாட்டமே பேசறீங்களே. வேண்டாந் தம்பி. உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது, நிறைமாசக்காரி, எடம் பத்தாதுன்னு நெனைக்கறீங்க. எடமெல்லாம் இருக்குது. மூட்டையை விட்டுட்டு நான் செத்தவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்? அவ கடைசியாக் கேட்டது இது ஒண்ணுதானே. போங்க, நேரமாகுது. ஓடுங்க.

பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா தம்பி, சம்பந்தி சரின்னுட்டாரா. ஊரே கெளம்புது போல, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. மாப்புள்ளை வரலையா? பெத்தவங்களைத் தோட்டத்துக்குக் கொண்டு போய் விட்டுட்டுப் பின்னால வர்றாராமா. சரி, வரட்டும்.

வா அருக்காணி, வா அம்மிணி. மெதுவா வா, முள்ளு குத்திரும். அழுவாதே, எலிதானே. அப்பன் வந்துட்டேனில்ல, இனி உனக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா வரலையாவா? அம்மாளுக்கு... வழியில சொல்றேன் கண்ணு. மொதல்ல ஏறு. என் தோளைப் புடிச்சுக்கோ. அப்படித்தான். மூட்டை மேலயே உக்காந்துக்கோ, அம்மா சீலையை மடிச்சு விரிச்சிருக்கறேன், மெத்துன்னு இருக்கும். சாஞ்சுக்கோ. உனக்குன்னு அம்மா எடுத்து வெச்ச அரிசிதான் அது, ஒரு படி கூட நான் யாருக்கும் குடுக்கல.

தம்பி, வர்றேனுங்க. இப்படியே கெழக்க போனா இன்னும் எலி விழாத ஊரு எதுங்க? அப்படிங்களா. பெரிய ஊரா, ஜனங்க நல்லவங்களா. அப்ப அங்கயே போறோம்.